சுவரைத் தொடாத போர்வை

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் பால்கனியில் கம்பளிகளை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவில் ரோலா பக்கம் எங்கள் ஃபிளாட், நாலாவது மாடி. வெளிப்புறமாகத் துணி தொங்கவிட்டால் முனிசிபாலிட்டி அபராதம் போடும். லீவு நாளில் எவன் வந்து பார்க்கப்போகிறான் என்ற தைரியத்தில் தடித்த கம்பளி ஒன்றைக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக வெளியே விட்டேன். அது சுவரில் உரசிக்கொண்டே இறங்கி, உரசிக்கொண்டே நின்றது. குனிந்து பார்த்தேன். கம்பளிக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைக்க இடமில்லை.

தொங்குகிற துணி சுவரில் உரசத்தானே செய்யும், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். எனக்கு அந்த நிமிஷம் வேறொரு போர்வை ஞாபகம் வந்தது. சுவரில் உரசாமல் தொங்கிய ஒரு போர்வையை நான் ஆபீஸில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்த போட்டோவில் அது இருந்தது. அந்தப் போட்டோவில் இருந்த வீடு இஸ்தான்புல்லில் இருந்தது. அதற்குள் ஒரு பெண்மணி இருந்தார்.

நான் அப்போது துபாய் தேராவில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். முதலாளி துருக்கிக்காரர். துபாயில் டவர் டவராக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. டவர்களுக்குப் படிக்கட்டும் கழிப்பறையும் வரைந்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஆனால் முதலாளியின் உயிர் வேறெங்கோ இருந்தது. இஸ்தான்புல்லில், ஊருக்குள் புகுந்து வரும் ஒரு கடல்கழியின் கரையில், மேடும் சரிவுமாக ஒரு பழைய பேட்டை. அவர் பிறந்து வளர்ந்த இடம். அங்கே பழைய வீடுகளைச் சீர்செய்யும் திட்டம் வந்தபோது, அளவெடுத்த வீடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து தரும் வேலையைத் தானே வலியப் போய் வாங்கிவந்துவிட்டார். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய் டேப் பிடித்து அளப்பார்கள். கையால் போட்ட ஸ்கெட்ச்சும் போட்டோக்களும் எங்களுக்கு வரும். நாங்கள் வரைந்து அனுப்புவோம்.

அந்தத் தெருக்களை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அத்துப்படி. வீடுகள் எல்லாம் ஒடுங்கலான வீடுகள். கீழே கல், அதற்கு மேலே செங்கல், உச்சியில் மரம். முதல் மாடியில் தெருவுக்கு மேல் துருத்திக்கொண்டு ஒரு கூண்டு ஜன்னல் இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெருவின் இரண்டு முனையும் தெரியும், தெருவில் போகிறவருக்கு அவர் தெரியமாட்டார். ஒரு வீட்டு நிலைக்கு மேலே கல்லில் கிரேக்க எழுத்து செதுக்கியிருக்கும். அடுத்த வீட்டு நிலையில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரம். தெருக்கோடியில் ஆர்மீனியர்களின் தேவாலயம், அதன் மதிலுக்கு எதிரே மசூதியின் தண்ணீர்க் குழாய். கிரேக்கர் கட்டியதை யூதர் வாங்கினார்கள், அவர்களும் போன பிறகு கருங்கடல் பக்கத்திலிருந்தும் கிழக்கு மலைகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் குடியேறினார்கள் என்று முதலாளி கதை கதையாகச் சொல்வார். பிழைக்க வந்தவர்கள் எப்படிக் குடியிருப்பார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்களுக்கு என்றால் எனக்கும் அண்ணாச்சிக்கும். வரைகிற ஆட்கள் நாங்கள் இருவர்தான். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். வளைகுடாவுக்கு வருமுன் பாளையங்கோட்டையில் ஒரு பில்டரிடம் வீட்டுப் பிளான் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் வரைந்தால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் எறும்பு நுழையாது, அவ்வளவு சுத்தம். எந்த வரைபடத்தைத் தொடங்கினாலும் முதலில் மூலையில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். பிரிண்ட் எடுத்தால் விழாதபடி அதை ஒரு தனி லேயரில் ஒளித்து வைப்பார். டவர்களின் கழிப்பறைக்கும் அவர் சுழி உண்டு. நான் கேலி செய்தால், "அங்கதான்மா ரொம்ப வேணும்" என்பார்.

ரஜாய்க்காரம்மா வீடு என்று நாங்கள் பெயர் வைத்திருந்த வீட்டை வரைந்தது அண்ணாச்சிதான். ரஜாய் என்றால் பஞ்சு அடைத்துத் தைத்த போர்வை. வீட்டின் கீழ்த்தளத்தில் அதைத் தைக்கும் கடை வைத்திருந்தார் அந்தப் பெண்மணி, மாடியில் தனியாகக் குடியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் போட்டோவுக்குள் வந்துவிடுவார். ஒன்றில் முக்காடு பச்சை, ஒன்றில் ஊதா, வாயில் ஊசி. அவர் கடையில் ஒரு டெலிபோன் லைன் இருந்ததால் திட்டத்துக்காரர்கள் தங்கள் ஃபேக்ஸ் மெஷினை அங்கேயே ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார்கள். நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு ஃபேக்ஸும் பஞ்சுக்கு நடுவில்தான் போய் விழும். அவர் கிழித்து எடுத்து ஒரு ஆணியில் குத்தி வைப்பார், மேஸ்திரி வரும்போது எடுத்துக்கொள்வார். "என் திட்டத்தின் செயலாளரே அவர்தான்" என்று முதலாளி சிரிப்பார்.

வியாழக்கிழமை மாலை ஆபீஸ் பூட்டும்போதுகூட அவர் சிரித்துக்கொண்டுதான் போனார். கடைக்குள் மாடிக்கு முட்டுப்போல நின்ற மூன்று மரக்கால்களும் ஒரு பலகைத் தடுப்பும் பிற்காலத்தில் யாரோ வைத்தவை என்று முடிவாகியிருந்தது. எங்கள் வரைபடத்தில் முன்சுவர் மேலிருந்து கீழ்வரை நேராக நிற்கிறது. நேராக நிற்கிற சுவருக்கு மரக்கால் எதற்கு? ஆகவே நாளை வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு ஆட்கள் வந்து அதை அறுத்து எடுத்துவிடுவார்கள். "அந்த அம்மா கடையைப் பூட்டமாட்டாராம். நீங்கள் அறுங்கள், நான் பாட்டுக்குத் தைக்கிறேன் என்கிறாராம்" என்றார்.

மறுநாள் காலை பால்கனியில் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போட்டோவில் மாடியிலிருந்து ஒரு போர்வை தொங்கியது. கூண்டு ஜன்னலில் தொங்கினால் அது எட்டி நிற்பது நியாயம். ஆனால் அது பக்கத்தில், சுவரோடு ஒட்டிய தட்டை ஜன்னலில் தொங்கியது. அதன் அடி விளிம்பு சுவரை விட்டுத் தள்ளி அந்தரத்தில் நின்றது, நடுவில் ஒரு ஆள் தலை அகலத்துக்கு நிழல். போர்வை நேராகத்தான் தொங்கும். அப்படியானால் சுவர்தான் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

அங்கே இருப்பவர்களுக்கே தெரியாதா என்று தோன்றும். அந்தத் தெருவில் நாலடி பின்னால் போனால் எதிர்வீட்டுச் சுவரில் முதுகு இடிக்கும். ஒரு சுவரை முழுசாக யாரும் பார்க்கவே முடியாது. அதுபோக, அங்கே எல்லா வீடும் கொஞ்சம் சாய்ந்ததுதான். சாய்ந்தவற்றுக்கு நடுவில் பிறந்தவர்களுக்கு எது சாய்வு என்று எப்படித் தெரியும்?

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஷார்ஜா தொழில்பேட்டையில் கராஜ்களுக்கு நடுவே ஒரு ரூமில் நாலைந்து பேரோடு இருந்தார். வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் அவர்தான் சமையல். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, ரஜாய்க்காரம்மா வீட்டு முன்சுவரு, வந்த ஸ்கெட்ச்சுல நேராவா இருந்துச்சு?"

"எது, அந்த ஒடுக்கு வீடா? இல்லம்மா, சாஞ்சுல்லா கெடந்துது. நான்தான் நிமித்திப் போட்டேன்."

கசங்கின சட்டைக்கு இஸ்திரி போட்டேன் என்கிற மாதிரி சொன்னார். எனக்கு மூக்குநுனியில் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று திட்ட நேரமில்லை. முதலாளிக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். குடும்பத்தோடு கொர்ஃபக்கான் பக்கம் போவதாகச் சொல்லியிருந்தார். மலைக்குள் போய்விட்டால் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. என் வீட்டுக்காரருக்கு ஜெபல் அலியில் வெள்ளிக்கிழமையும் டியூட்டி, கார் அவரோடு போய்விட்டது. இஸ்தான்புல் நம்பர் என்னிடம் இல்லை. அது ஆபீஸ் ஃபேக்ஸ் மெஷினுக்குள் இருந்தது. ஆபீஸ் சாவி அண்ணாச்சியிடம்.

ஒன்று மட்டும் எங்களுக்குச் சாதகம். அவர்கள் நேரம் நமக்கு இரண்டு மணி பின்னால். நம் ஊர் ஜும்மா தொழுகை முடிந்து நெடுநேரம் கழித்துத்தான் அவர்கள் ஊர் ஜும்மா முடியும். அதற்குள் அந்தம்மாவை அந்தச் சுவருக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். நான் கேஸை அணைத்தேனா என்றுகூட நினைவில்லாமல் இறங்கி ஓடினேன்.

கிடைத்த டாக்ஸியில் ஏறித் தொழில்பேட்டைக்குப் போனேன். அண்ணாச்சி கராஜ் வாசலில் லுங்கியோடு நின்றார், கையில் மஞ்சள்பொடி. "பேன்ட் மாத்திட்டு வந்திருதேன்" என்றவரைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்காத குறையாக ஏற்றினேன். டிரைவர் பாகிஸ்தான் பட்டாணியர். "ஜல்தி பாய், ஜல்தி" என்று நான் சொல்லச் சொல்ல அவரும் விரட்டினார். மற்ற நாட்களில் மணிக்கணக்கில் உயிரை வாங்குகிற ஷார்ஜா–துபாய் ரோடு அன்று துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது. பரவாயில்லை, நேரத்துக்குப் போய்விடலாம் என்று நான் நினைத்தபோது பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

தேராவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஜும்மா நேரத்தில் மசூதிக்குள் இடம் போதாது. வெளியே நடைபாதை, ரோடு, கடை வாசல் எங்கும் பாயும் அட்டைப்பெட்டியும் விரித்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கும் எங்களுக்கும் நடுவே அன்று அப்படி ஒரு கடல். மலையாளி, பெங்காலி, ஈரானி, பட்டாணி, எகிப்துக்காரர் எல்லோரும் தோளோடு தோள். எதிரே எங்கள் கட்டடத்தின் இரும்புக் கதவு தெரிந்தது. பூட்டியிருந்தது. அந்தக் கதவின் சாவி வைத்திருக்கும் வாட்ச்மேன் அந்த வரிசைகளில் எங்கோ ஒருவர். தொழுகிறவர்களுக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. மூடிய ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்து நின்றோம், அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி, லுங்கியில் அண்ணாச்சி. ஒலிபெருக்கியில் பிரசங்கம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. காதோரமாகக் கேட்டேன். "எதுக்கு அண்ணாச்சி நிமித்துனீங்க?"

"ஊருல எத்தன வீடு வரஞ்சிருக்கேன். ஒரு மூல மட்டம் தப்பினாப் போதும், வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துருவாம்லா. மனையடிக்கு ஆவாது. அளந்த பிள்ளையளுதான் தப்பா அளந்துட்டுன்னு நெனச்சேன்."

"போட்டோவப் பாக்கலியா?"

"பெறவு பாத்தேன். சாஞ்சுதான் இருந்துது."

"பாத்துட்டுமா?"

கையிலிருந்த மஞ்சளை லுங்கியில் துடைத்தார். "ஆளு குடியிருக்குத வீடும்மா. பொம்பள ஒத்தையில கெடக்கா. அதப் போயி கோணலா வரைய எனக்கு மனசு வரல. நம்ம கையில வரும்போதாவது நேரா நிக்கட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

கத்த முடியாத இடத்தில் வருகிற கோபம் எனக்கு அழுகையாகத்தான் வந்தது. இந்த மனுஷனின் நல்ல மனசைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று நினைத்தேன். அந்த மனசு இல்லாத எவனாவது வரைந்திருந்தால் சுவர் சாய்ந்தபடியே வந்திருக்கும், மரக்கால்மேல் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். அவருக்கும் அது அப்போதுதான் முழுசாக உறைத்தது போல. "அறுத்துருவானுவளா?" என்று கேட்டார். "ஆமா." "அந்தம்மா உள்ளயா இருப்பா?" "ஆமா." அதற்கப்புறம் அவர் நின்ற இடத்திலேயே கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். முன்னால் வரிசைகள் எழுந்தன, குனிந்தன, நெற்றி தரையில் பட்டது. அவரவர் அவரவர் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வரிசை கலைந்ததும் வாட்ச்மேனைத் தேடிப் பிடித்து, கதவைத் திறக்கவைத்து, லிஃப்டுக்குக் காத்திராமல் மாடியேறினோம். நான் கம்ப்யூட்டரைப் போடப் போனேன். சரியான சுவரை வரைந்து, அளவு போட்டு, மேஸ்திரிக்குக் குறிப்பு எழுதி அனுப்பலாம் என்பது என் எண்ணம். அண்ணாச்சி தடுத்தார்.

"யாருக்கும்மா அனுப்புத? அங்க எல்லாவனும் இந்நேரம் தொழுவப் போயிருப்பான். பேப்பரு அந்தம்மா கையிலதான் போயி விழும். அளவெல்லாம் போட்டு அனுப்பினா வழக்கம்போல ஆணியில குத்தி வச்சிருவா. அவளுக்குப் புரியுத மாதிரி வரையணும்."

இதைச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டு, தடித்த மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்தார். பழக்கதோஷம், மேலே பிள்ளையார் சுழி விழுந்தது. தரைக்கோடு போட்டார். சுவருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் கை கோணலான ஒரு சுவரை அதுவரை வரைந்ததே இல்லை.

"எம்புட்டு சாய்க்கணும்?"

"உள்ளது உள்ளபடி சாய்ங்க."

சாய்த்தார். ஸ்கேல் வைக்காமல் போட்ட ஒரு கோடு தெருப்பக்கம் சரிந்து ஏறியது. கூண்டு ஜன்னல், அதன் பக்கத்தில் தட்டை ஜன்னல், அதிலிருந்து அந்தரத்தில் தொங்கும் பூப்போட்ட போர்வை. கீழே கடை, மூன்று மரக்கால், ரம்பத்தோடு ஒரு ஆள். ஆளின் மேல் பெரிய பெருக்கல் குறி. பிறகு அதே சுவரை இன்னும் சாய்த்து, உடைந்து கீழே வருகிற மாதிரி புள்ளிப்புள்ளியாகப் போட்டார்.

"அந்தம்மாவ உள்ள வரைங்க. அப்பத்தான் பயம் வரும்" என்றேன்.

"அத நான் வரைய மாட்டேன்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எதிர்வீட்டு வாசலில், தெருவுக்கு அந்தப் பக்கம், முக்காடு போட்டு வாயில் ஊசியோடு நிற்கிற பெண்ணாக அவரை வரைந்தார். கடையிலிருந்து அங்கே ஒரு அம்புக்குறி.

ஃபேக்ஸில் வைத்து நம்பரை அழுத்தினேன். லைன் பிஸி. மறுபடி பிஸி. மூன்றாவது தடவை அந்தப் பக்கம் மெஷின் கீச்சிட்டது, தாள் மெள்ள உள்ளே போனது, போய்ச் சேர்ந்தது என்று துண்டுச்சீட்டும் வந்தது. சேர்ந்து என்ன? பார்த்தாரா? பார்க்காமல் ஆணியில் குத்திவிட்டாரா? பதில் இல்லை. "மறுபடி அனுப்பு" என்றார் அண்ணாச்சி. அனுப்பினேன். மறுபடி அதே தாள். மறுபடி. தைக்கவிடாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தால் எரிச்சலிலாவது பார்ப்பார் அல்லவா?

எத்தனாவது தடவையிலோ மெஷின் கீச்சிடவில்லை. யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள். "அலோ! அலோ!" என்று ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல், நல்ல கோபத்தில். ஒரு மாதமாகப் போட்டோவில் பார்த்த முகத்துக்குக் குரல் வந்துவிட்டது. ஸ்பீக்கரை அணைக்காமலே ரிசீவரை எடுத்தேன். தெரிந்த துருக்கி வார்த்தை ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. அண்ணாச்சி ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"அம்மா, வெளிய வந்துருங்கம்மா. அந்தப் படத்தப் பாருங்க. செவரு சாஞ்சு நிக்கி. நான்தான் தப்பா வரஞ்சிட்டேன். மரத்த எடுக்கவிடாதீங்க. நீங்க மொதல்ல வெளிய வாங்க தாயி."

தமிழிலேதான் பேசினார். அந்தப் பக்கத்துக் கோபம் நின்றது. மூச்சுச் சத்தம் கேட்டது. தாள் கிழிபடுகிற சத்தம் கேட்டது. அவர் ஏதோ மெதுவாகக் கேட்டார், கேள்வி என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. "ஆமாம்மா, ஆமா" என்றார் அண்ணாச்சி. லைன் அறுந்துவிட்டது.

மறுபடி அழைத்தோம். மணி போனது, அங்கே தாள் தீர்ந்துவிட்டதோ என்னவோ மெஷின் கீச்சிடவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. மறுபடி. எடுக்கவில்லை. அவர் வெளியே போயிருந்தாலும் மணி இப்படித்தான் போகும், அவர் உள்ளே எடுக்க முடியாமல் கிடந்தாலும் இப்படித்தான் போகும். அங்கே தொழுகை முடிகிற நேரம் வந்தது, தாண்டியது. அண்ணாச்சி தரையில் குத்தவைத்து உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவ்வப்போது எழுந்து நம்பரை அழுத்திப் பார்த்தேன்.

மாலையில் ஆபீஸ் போன் அடித்தது. முதலாளி. மலையை விட்டு இறங்கியதும் இஸ்தான்புல்லிலிருந்து அவரைப் பிடித்திருந்தார்கள். எங்களைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தம்மா ஃபேக்ஸ் தாளோடு வாசலில் நின்று மேஸ்திரியையும் ஆட்களையும் உள்ளே விடவில்லையாம். மேஸ்திரி படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார், சின்னப்பிள்ளை வரைந்தது என்று. அந்தம்மா விறுவிறுவென்று மாடிக்குப் போய், தைக்கிற நூலில் தன் பெரிய கத்தரிக்கோலைக் கட்டி, அந்தத் தட்டை ஜன்னல் வழியே தொங்கவிட்டாராம். கத்தரிக்கோல் கீழே வந்து நின்ற இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் மேஸ்திரி தலையை நுழைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. இரவுக்குள் தெருப்பக்கம் முட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"ஆளுக்கு ஒண்ணுமில்லியே?" என்று அண்ணாச்சி என்னைத்தான் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

மறுநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஏன் என்று கேட்டார். நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த வீடு பக்கத்து வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பக்கத்து வீடு அதற்கடுத்ததை, எங்கள் தெருவே அப்படித்தான், என்றார். பிறகு, "இனி உனக்கு டவர் மட்டும். அங்கே எல்லாம் நேராகத்தான் இருக்கும்" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அந்தப் பேட்டையின் வீடு எதுவும் அதற்குப் பிறகு அண்ணாச்சி மேசைக்கு வரவில்லை.

சில வருஷம் போயிற்று. துபாயில் டவர்கள் ஒவ்வொன்றாகப் பாதியில் நின்றுகொண்டிருந்த நாட்கள். எங்களுக்கும் வேலை குறைந்து, மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது முதலாளிக்கு ஈமெயிலில் ஒரு போட்டோ வந்தது. ரஜாய்க்காரம்மா வீடு. வேலை முடிந்துவிட்டது என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். சுவரை நிமிர்த்த முடியாது என்று பிரித்துத்தான் கட்டினார்களாம். பிரித்துக் கட்டும்போது, அங்கீகாரம் வாங்கிய வரைபடம் என்று கோப்பில் எது இருந்ததோ அதன்படி கட்டினார்களாம்.

அழகாக இருந்தது. இளஞ்சிவப்புச் சாயம், புதுக் கூண்டு ஜன்னல், நிலைக்கு மேலே கிரேக்க எழுத்தைத் தேய்த்துத் துலக்கியிருந்தார்கள். கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு, வெளியே இரண்டு மேசை, காப்பி விலை எழுதிய பலகை. "அந்தம்மா எங்கே?" என்று கேட்டேன். வேலை நடக்கும்வரை என்று அவரை ஊரின் எல்லையில் ஒரு அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள், திரும்ப அவரால் வர முடியவில்லை, இப்போது அங்கே கேட்கிற வாடகை அவருக்குக் கட்டுப்படியாகாது என்று முதலாளி சொன்னார். அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். தட்டை ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்னார். ஜன்னலில் ஒரு பூந்தொட்டி இருந்தது. "அவ இருந்தா ஒரு போர்வையாவது தொங்கும்லா" என்றார். சுவரின் விளிம்பில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"நான் வரஞ்ச மாதிரியே கெட்டியிருக்கான்மா" என்றார்.